காற்று புகாத வீடு

கோத்தகிரி மலையில் எங்கள் ஊரான அரவேணுவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்த்ததால் ஊருக்கே அவர் ஃபிட்டர். எனக்கு ஃபிட்டர் மாமா. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த கோகிலாவின் அப்பா.

யார் வீட்டுக்குப் போனாலும் சட்டென்று உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "எங்கியோ காத்துப் போகுதுங்களே" என்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் குக்கர் மூடியைக் கையில் எடுத்துக்கொள்வார். எங்கள் அம்மாவுக்கு இது பழகிப்போயிருந்தது. "உட்காருங்கண்ணா, காப்பி குடிச்சுட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிப் பார்ப்பாள். அவர் காதில் விழாது. குக்கர் சரியானால்தான் காப்பி.

ஒழுகும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கோயில் குழாய், பக்கத்து வீட்டு சைக்கிள் டயர், பேருந்தின் ஏர் பிரேக், எல்லாம் அவர் பொறுப்பு. ஒருமுறை கோத்தகிரிப் பேருந்தில் போகும்போது டிரைவரிடம் போய், "பின்னால எடது பக்கம் காத்து எறங்குதுங்க. வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாராம். டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கிப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதுதான் நிஜம்.

அவர் மீது ஊருக்கு மரியாதை வந்தது ஒரு டீக்கடையால். அப்போது நாங்கள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தோம். நல்ல மழை. குடை பிடித்து சாலையில் போனவர் அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டார். அடுத்த நிமிடம் உள்ளே புகுந்து, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே விரட்டினார். கடைக்காரர் கத்தக் கத்த, அடுப்பை அணைத்து, கேஸ் சிலிண்டரைத் தனியாளாகத் தூக்கிப் போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வைத்தார். ரெகுலேட்டருக்குக் கீழே சீறிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேஸ் மாற்றும் நாட்களில் பெண்கள் அவரைக் கூப்பிட்டுவிட ஆரம்பித்தார்கள். "ஃபிட்டர் வந்து காது குடுத்துட்டா நிம்மதி" என்பார்கள்.

கோகிலாவின் அம்மாவை நான் அத்தை என்பேன். மெலிந்த உடம்பு. இளைப்பு நோய். மூடுபனி இறங்கும் மாதங்களில் அத்தை நான்கு சொல் பேசினால் ஐந்தாவது சொல்லுக்கு மூச்சு இருக்காது. கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து அதையும் தலை சாய்த்துக் கேட்பார். அந்த ஒன்றை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை.

நாங்கள் பன்னிரண்டாவது முடித்த வருடம் பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று பலர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்புயரச் செடிகள் ஆள் உயரத்துக்குக் கிளைவிட்டு நின்றன. ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது. அப்புறம் ஒரு நாள். அப்புறம் சங்கு ஊதுவதே நின்றது. வேலை செய்தவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போனார்கள். மாமா போகவில்லை. தினமும் காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போய், பூட்டிய ஃபேக்டரிக்குள் ரோலர்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவார். "ஓடாத மெசினுதான் சீக்கிரம் கெட்டுப்போகும் அம்மணி" என்பார். முதலாளி அதைப் பார்த்து, இரவில் ஃபேக்டரியைக் காவல் காக்கும் வேலையை அவருக்கே கொடுத்தார். ஃபிட்டர் வாட்ச்மேன் ஆனார்.  காக்கிச் சட்டை அதேதான்.

அந்த ஜூனில் எனக்கும் கோகிலாவுக்கும் திருச்சியில் ஒரே கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் வெறும் கட்டில்தான் தருவார்கள், மெத்தை தலையணை நாமே கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு பேருக்கும் இலவம்பஞ்சு மெத்தை. மழைக்காலம். பேருந்தில் ஏற்றினால் நனையும், நனைந்தால் பூசணம் பிடிக்கும். பெங்களூரிலிருந்த என் சித்தப்பா ஆறு பைகளை அனுப்பிவைத்தார். தடித்த கண்ணாடித் தாள் போன்ற பிளாஸ்டிக் பை. துணியை உள்ளே வைத்து வாயை மூடி, அதிலிருக்கும் வட்டத் திறப்பு வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது சப்பையாகிவிடும். உறிஞ்சுவதற்கு வேக்குவம் கிளீனர் வேண்டும். அது அரவேணுவில் யாரிடம் இருக்கிறது?

மாமா பையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திறப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அந்த வருடத்தில் நான் பார்க்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வாங்க ரெண்டு பேரும். துணியெல்லாம் நல்லாக் காஞ்சிருக்கோணும். ஈரத்தோட அடைச்சா உள்ளயே அழுகிப்போகும்" என்றார்.

மறுநாள் போனபோது சைக்கிள் பம்பு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த தோல் வாஷரைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார். காற்றை ஊதுகிற பம்பு இப்போது காற்றை உறிஞ்சியது. முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாய். அத்தை இரண்டு மெத்தைகளையும் விறகடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்துக் காலையிலிருந்து புரட்டிப் புரட்டிக் காய வைத்திருந்தார். என்னையும் கோகிலாவையும் மெத்தை மேல் உட்காரச் சொல்லி முதலில் கொஞ்சம் காற்றை இறக்கினார் மாமா. பிறகு பம்பை இழுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வியர்வை அந்தக் குளிரிலும் மூக்கு நுனியில் சொட்டியது. மெத்தை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பலகை மாதிரி விறைத்து நின்றது. அத்தை அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார், சிரிப்பு இருமலானது.

கோகிலாவின் கம்பளிகள் வைத்த பை மட்டும் மறுபடி மறுபடி உப்பியது. மாமா அதை மடியில் குழந்தைபோலப் போட்டுக்கொண்டு காதை வைத்தார். சோப்புத் தண்ணீர் தடவினார். ஊசிமுனை அளவு ஓட்டை. டியூப் துண்டு ஒட்டி அடைத்தார்.

"திருச்சியில கம்பளி எதுக்குப்பா? வெயில் கொளுத்துமாம்" என்றாள் கோகிலா.

"இருக்கட்டும் கண்ணு. குளுருன்னு ஒண்ணு வந்துட்டா அப்பன் அங்க இருக்க முடியாதில்ல" என்றார்.

ஆறு பைகளில் நான்குதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. மிச்சம் இரண்டை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

விடுதியில் அந்தப் பைகளைத் திறந்தபோது மாடியிலிருந்த பெண்கள் எல்லாம் எங்கள் அறையில் கூடிவிட்டார்கள். மெத்தை மெல்ல மூச்சு இழுப்பதுபோல எழும்பியது. கைதட்டினார்கள். கோகிலா அன்று மாலையே போன் செய்து அப்பாவிடம் சொன்னாள். "ஒட்டுப் போட்ட பை?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதுவும் உப்பாமல் வந்து சேர்ந்தது என்றதும், "செரி" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம்.

நாங்கள் போன பிறகு அவர் கவனம் வீட்டின் பக்கம் திரும்பியது. ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸ் வீடு அது. இரண்டு அறை, தகரக் கூரை, வெள்ளைக்காரன் காலத்து மரச் சன்னல்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து. மூடுபனி வீட்டுக்குள் நடந்து போவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அத்தையின் இளைப்புக்கு அந்தப் பனிதான் காரணம் என்று மாமா முடிவு செய்தார். பகலெல்லாம் அவருக்கு வேலை இல்லை. எங்கள் அப்பா வைத்திருந்த ஹார்டுவேர் கடையிலிருந்து ஒட்டும் பசை, மரக்கட்டை, ஆணி என்று வாங்கிப் போனார். சமையல்கட்டுப் புகைபோக்கியை மட்டும் விட்டுவிட்டு, சந்துகளையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்தார். கதவைச் சுற்றிப் பழைய டியூப்பை வெட்டி அடித்தார். மிச்சமிருந்த இரண்டு பைகளையும் கிழித்து சன்னல்களுக்கு உள்பக்கம் இழுத்து ஒட்டினார். அந்தப் பிளாஸ்டிக்கைப் போலக் காற்றை மறிக்கும் பொருளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

தீபாவளிக்கு வந்தபோது நான் அந்த வீட்டுக்குப் போனேன். வெளியே பற்கள் தந்தியடித்தன. உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றலாம் போலிருந்தது. மாமா ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி சன்னலடியில் வைத்துக் காட்டினார். சுடர் குத்திட்டு நின்றது.

"ஆடுதா பாரு அம்மணி?"

"இல்லீங்க மாமா."

"ஆடாது."

அத்தை தொடர்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்காமல் என்னோடு பேசினார். கண்ணெல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் அப்பா, "நம்மூட்டுக்கும் இது மாதிரி பண்ணிக்குடுங்க ஃபிட்டரே" என்று கேட்டார். ஊரில் எல்லோரும் அந்த வீட்டைப் போய்ப் பார்த்துப் பாராட்டினார்கள். நானும்தான். ஒருவருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பனிக்காலத்தில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கொளுத்தி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. பழைய வீடுகள் ஆயிரம் சந்துகள் வழியாக மூச்சு விட்டதால்தான் நாங்களெல்லாம் பிழைத்துக் கிடந்தோம் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

ஜனவரியில் உறைபனி கொட்டியது. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கிறது என்று அம்மா போனில் சொன்னாள். எங்களுக்கு விடுதியில் பரீட்சை நேரம். ஒரு சாயங்காலம் கோகிலா கட்டிலில் கால் நீட்டி அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையைப் பற்றிப் பேசினாள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். பிறகு அத்தை குளிர் தாங்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"கரிச்சட்டிய ஏம்மா சமையல்கட்டுல வெச்சிருக்கே? கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுக்க. அப்பாதான் எல்லாத்தையும் அடைச்சிட்டாரே, சூடு அப்படியே நிக்கும். நல்லாத் தூங்கு" என்றாள்.

மறுநாள் காலையில் காவல் முடிந்து வீட்டுக்கு வந்த மாமா கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. அவர் அடித்த டியூப்பினால் கதவு சட்டத்தோடு கவ்விப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கடப்பாரையால் நெம்பினார்கள். அத்தை தூங்குகிற மாதிரியே படுத்திருந்தார். கன்னம் சிவந்திருந்ததால் உயிர் இருக்கிறதென்று நினைத்து கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

என் அப்பாதான் எனக்குப் போன் செய்தார். "கரிப்புகை" என்று சொன்னார். கோகிலாவிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திருச்சியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை, அங்கிருந்து மலை ஏறி அரவேணு வரை, சன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். அழவில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போய் இறங்கினோம். அத்தையை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கோகிலா அம்மாவிடம் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"கரிச்சட்டிய யாருப்பா கட்டில்கிட்ட வெச்சது?"

மாமா அவள் முகத்தையே பார்த்தார். வாசலில் நின்று தலை சாய்த்துக் கேட்பாரே, அப்படி ஒரு கணம் இருந்தார்.

"நாந்தான் கண்ணு. உங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்காம பத்தவெச்சு, கட்டில்கிட்ட வெச்சுட்டு டூட்டிக்குப் போயிட்டேன்."

அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. ஆறுதல். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதன் பிறகுதான் அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கொன்னுட்டியேப்பா, அம்மாவக் கொன்னுட்டியே" என்று அலறினாள். பெண்கள் வந்து பிரித்தார்கள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. போலீஸ்காரர்கள் கேட்டபோதும் அதே சொற்களைச் சொன்னார். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்து நாங்கள் திருச்சிக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு கோகிலா அவரோடு பேசவில்லை. விடுமுறைக்கு அவள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். படிப்பு முடிந்து ஐதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டிருந்தது. அப்பா பெயர் இருந்தது, கல்யாணத்தில் அப்பா இல்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வார். "என்ன அம்மணி, நல்லா இருக்கியா? கோகிலா நல்லா இருக்குதா?" இரண்டே கேள்வி. நான் இரண்டுக்கும் பதில் சொன்னதும், "செரி, வெச்சர்றேன்" என்பார்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். சன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்திருந்தார். வெறும் ஓட்டைகள். கதவும் இல்லை, வாசலில் ஒரு சாக்கு தொங்கியது. பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்குள் மூடுபனி நின்றது. அடுப்பு பற்றவைப்பதில்லையாம், கடையில் சாப்பாடு. தொப்பி, மப்ளர், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தையின் இருமல் அவருக்கு வந்திருந்தது. யார் வீட்டுக்கும் அவர் போவதில்லை, யாரும் கேஸ் மாற்றக் கூப்பிடுவதும் இல்லை என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

நான் என்னென்னவோ பேசினேன். திடீரென்று அவராகவே சொன்னார்.

"சத்தமும் இல்ல, வாசமும் இல்ல அம்மணி அந்தக் கரி வாயுவுக்கு. எது வந்தாலும் காதுல கேட்டுப்போடலாம்னு இருந்தேன். இது கேக்காதாமா. ஆஸ்பத்திரியில டாக்டரு சொன்னாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு டூட்டிக்குக் கெளம்பறப்ப அவ சொன்னா, புள்ள இப்புடிச் சொல்லுச்சு, கரிச்சட்டிய இங்க வெச்சுக்கட்டுங்களான்னு. நானும், நல்ல ரோசனைதான், வெச்சுக்கன்னுட்டுப் போனேன். அது சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருசம் ஃபேக்டரியில எலை காய வெக்கிற டிரையர் அடுப்புகிட்ட நின்னவன் நானு. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

"அப்புறம் ஏன் மாமா நீங்க வெச்சதாச் சொன்னீங்க?"

"அது வந்து கேட்டப்ப அந்த மூஞ்சியப் பார்த்தியில்ல?" என்றார். வெகுநேரம் இருமினார். பிறகு, "நீ பக்கத்துலதான இருந்திருப்பே. அது போன்ல சொன்னது உங் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க மாமா."

"விழுகுலைன்னு வெச்சுக்க."

போன வருடம் நவம்பரில் அவர் இறந்துபோனார். நுரையீரலில் சளி கட்டி, கோத்தகிரி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். நான் கோகிலாவுக்குச் சொன்னேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கொள்ளி வைக்க ஆள் இல்லை என்று பங்காளி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அவளே வைத்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. தலையை மூடியிருந்தாள், தூறல் இருந்தது.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நானும் அவளும் மட்டும் நின்றோம். ஃபேக்டரி அங்கிருந்து தெரியும். கூரைத் தகரம் பாதி இல்லை.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லு. அன்னிக்கு அம்மாகிட்ட நான் போன்ல என்ன பேசினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் ஃபேக்டரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பரீட்சையப் பத்திப் பேசிட்டிருந்தே" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் என் காதுல விழல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 

"போன மாசம் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவை. இதையேதான் கேட்டேன். அவரும், நீ பரீட்சையப் பத்தித்தான் கண்ணு பேசினேன்னு அம்மா சொன்னா, வேற ஒண்ணுமில்லேன்னாரு. அப்ப அந்தக் கரிச்சட்டி எனக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

 மேட்டுப்பாளையம் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவள் ஏறவில்லை. நான் அவள் பையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அடுத்த வண்டியும் வந்து போனது.